வட்டம் சுற்றிய லப்டொப்பும் வின்சன் அண்ணையின் கல்லுகளும்

கொம்பியூட்டர் திருத்துகிற கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தோடுதான் படியேறுவார்கள்: “நான் ஒண்டும் செய்யேல்லை, அது தானாத்தான் நிண்டது.”

உரும்பிராயில் நான் கடை போட்டுப் பதினெட்டு வருஷம். செய்ததை ஒத்துக்கொண்டு வந்த ஒருவரையும் இன்னும் காணவில்லை. எனக்கு ஒருவரும் இந்தத் தொழிலைப் படிப்பிக்கவில்லை. எரிந்த பெட்டிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, திருத்தப் போய்க் கெடுத்து, கெடுத்ததைத் திருப்பித் திருத்திப் பழகினவன். வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். பேரம் பேசாமல் ஒரு ஆணிகூட வாங்கியதில்லை.

நீங்களும் பட்டிருப்பீர்கள். அவசரத்துக்குக் கொம்பியூட்டரைப் போடுவீர்கள். கறுப்புத் திரையில் சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். அதற்குக் கீழே, தன்னைத் தானே திருத்தப்போகிறேன் என்று ஒரு வரி. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் அதே வட்டம்தான். கடைசியில், என்னால் முடியவில்லை என்று இன்னொரு வரி. அந்த ஸ்ராட்டப் ரிப்பேர் உண்மையில் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று எத்தனையோ பேருக்கு நான் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது எனக்கே ஒழுங்காக விளங்கினது, குருநகரில் இருந்து வந்த ஒரு கடல்காரர் என் கடை வாங்கில் மூன்று நாள் குந்தியிருந்தபோதுதான்.

றெஜிபோம் பெட்டிக்குள் என்ன மீன்?

ஒரு திங்கட்கிழமை காலை கடை வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பின்சீற்றில் மீன் விற்கிறவர்கள் ஐஸ் போட்டுக் கட்டுகிற வெள்ளை றெஜிபோம் பெட்டி. பக்கத்து உரக்கடைச் சிவமண்ணை எழும்பி வந்து “என்ன மீன்?” என்று கேட்டார். வந்தவர் இறங்கினார். பெட்டியைக் கழற்றி என் மேசையில் வைத்து மூடியைத் தூக்கினார். உள்ளே பொலித்தீனால் மூன்று சுற்றுச் சுற்றின லப்டொப். வழியில் கோப்பாயிலும் இரண்டு பெண்கள் மறித்துக் கேட்டார்களாம், சூடையோ சாளையோ என்று.

பெயர் வின்சன். அறுபது வயதிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். “மகளின்ரை கலியாணப் படம்” என்றார். அது பாதி உண்மை. மீதிப் பாதியை எனக்கு அவர் சொன்னது மூன்றாம் நாள். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கடலுக்கடியில் மீன் கூடுகிற பாறைகளைக் கடல்காரர் கல்லு என்பார்கள். எந்தக் கல்லு எந்த இடத்தில் என்று பதினைந்து வருஷமாக ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, தன் ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்தவர் வின்சன் அண்ணை. போன கிழமை அலையில் வள்ளம் சரிந்தபோது கருவி கடலுக்குள் போய்விட்டது. கட்டாருக்குப் போக முன்னம் மகன் அந்தக் குறிகளை இந்த லப்டொப்பில் ஏற்றி வைத்திருந்தான். உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அது போனால், அறுபது வயதில் அவர் முதலில் இருந்து கடலைத் தடவ வேண்டும்.

கலியாணப் படத்துக்கு யாரும் போடாத நிபந்தனைகளை அவர் போட்டார். லப்டொப் கடையில் தங்கக்கூடாது, பின்னேரம் தன்னோடு வீட்டுக்கு வரும். வேலை நடக்கும்போது தான் பக்கத்தில் இருப்பார். உள்ளே இருக்கிற எதையும் நான் காப்பி எடுக்கக்கூடாது. திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயத்துக்குப் பேசுவதுபோல அரை மணித்தியாலம் பேசினேன். ஒரு சொல்லும் குறையவில்லை. கடைசியில் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “குருநகரிலை இல்லாத கடையோ அண்ணை? உவ்வளவு தூரம் ஏன் என்னட்டை வந்தனியள்?” என்றேன். வாங்கில் வசதியாக இருந்துகொண்டு சொன்னார்: “அங்கை எல்லாரையும் எனக்குத் தெரியும். உன்னைத் தெரியாது. அதுதான் வந்தனான்.”

பாரிசில் இருந்து வந்த மொழிபெயர்ப்பு

லப்டொப் பாரிசில் இருக்கிற அவருடைய மச்சாள் அனுப்பினது. திரையில் எல்லாம் பிரெஞ்சு. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் எந்தப் பொத்தான் எந்த மூலையில் இருக்கும் என்பது மனப்பாடம். அமத்தப் போனேன். “வாசிக்கத் தெரியாமலே அமத்துவாய்?” என்று கேட்டுவிட்டு, வின்சன் அண்ணை உடனே பாரிசுக்கு வீடியோக் கோல் எடுத்தார். மச்சாளுக்கு அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. வெங்காயம் வெட்டிக்கொண்டே கதைத்தா. போனைத் திரைக்கு முன்னால் பிடித்தோம். “அத்தான், உங்கடை மெசினைச் சோதிக்குதாம்” என்றா. கொஞ்ச நேரத்தால் “பிழை தேடுதாம்.” வெங்காயம் முடிந்து கரட் தொடங்கினபோது, “தன்னாலை ஏலாதாம் அத்தான்.”

வின்சன் அண்ணை என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னேன். “உது வள்ளத்தைக் கரையிலை இருந்து இறக்கிற வேலையை மட்டும்தான் பாக்கும் அண்ணை. எஞ்சினை இழுக்கிற கயிறு அறுந்திருக்கோ, பிளக் ஊத்தையோ, அதுகளைப் பாக்கும். சின்னச் சின்னச் சாமான் காணாமல் போயிருந்தால் தன்னட்டை இருக்கிறதை எடுத்துப் போடும். எஞ்சினே உடைஞ்சிருந்தால் அதாலை ஒண்டும் செய்ய ஏலாது. வள்ளத்துக்கை இருக்கிற மீனையும் அது பாக்காது. எடுக்கவும் மாட்டுது, காப்பாத்தவும் மாட்டுது.” மீனை எடுக்காது என்றதும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. காப்பாற்றவும் மாட்டாது என்றதும் அது போய்விட்டது.

“அப்ப ஏன் இவ்வளவு நேரம் சுத்தினது?” என்று கேட்டார். நான் வாய் திறக்க முன்னம் போனில் இருந்து பதில் வந்தது: “எங்கடை குசினியிலையும் அப்பிடித்தான் அத்தான். சாமான் முடிஞ்சுது எண்டு உடனை சொல்லமாட்டினம். ‘அஞ்சு நிமிஷம்’ எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கை போய் நிண்டு யோசிப்பினம்.”

பதினொரு தரம்

செவ்வாய்க்கிழமை வின்சன் அண்ணை எனக்கு முன்னமே வந்து பெட்டியோடு வாசலில் நின்றார். லப்டொப்பைப் பழைய திகதிக்குத் திருப்பிப் பார்க்கிற வேலையைத் தொடங்கிவிட்டேன். இதிலும் படங்கள், எழுதின கடிதங்கள் ஒன்றும் போகாது. கொம்பியூட்டர் தன் உள் ஒழுங்குகளை மட்டும் போன கிழமை இருந்த மாதிரி மாற்றிப் பார்க்கும். அதற்கு, போன கிழமை எப்படி இருந்தது என்று அது எங்கேயாவது குறித்து வைத்திருக்க வேண்டும். இந்த லப்டொப் ஒன்றும் குறித்து வைக்கவில்லை. மத்தியானத்துக்கு அதுவும் கையை விரித்தது.

அந்த நேரம்தான் ரீச்சர் வந்தா. உடுப்பிட்டியில் அதிபராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது எங்கள் பக்கத்தில் மகளோடு இருக்கிறா. ஓட்டோவில் இருந்து பெரிய பெட்டிக் கொம்பியூட்டரை இறக்கி, கூடவே ஒரு கொப்பியையும் தந்தா. கோடு போட்டு, திகதி போட்டு, ஸ்ராட்டப் ரிப்பேரை எத்தனை தரம் ஓடவிட்டது என்று வரிசையாக எழுதியிருந்தது. பதினொரு தரம். ஒவ்வொன்றுக்கும் நேராக ‘முடியவில்லை’. “ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாத் திருத்தும் எண்டு நினைச்சன்” என்றா. வேறு ஆளாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். ஆனால் ரீச்சர்மாருக்கு முன்னால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். பத்தாம் வகுப்போடு ஏன் நின்றாய் என்று இன்றைக்கும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம்.

பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சிலந்தி வலைக்கு நடுவில் ஒரு பென்டிரைவ். கொழும்பில் இருக்கிற அவவின் பெறாமகன், தங்கச்சியின் மகன், போன வருஷம் வந்தபோது, ஆபத்துக்கு உதவும் என்று திருத்தும் கருவியை அதில் ஏற்றி, குத்திவிட்டுப் போயிருக்கிறார். ஏதோ ஒரு நாள் கொம்பியூட்டர் தன் சொந்த வாசலை விட்டு அந்தப் பென்டிரைவ் வழியாக எழும்பப் பழகிவிட்டது. அதனால் போடுகிற நேரமெல்லாம் நேரே வைத்தியசாலைக்குள்தான் கண் முழிக்கும். நோய் இல்லாத ஆளைப் பரிசோதித்தால், திருத்த ஒன்றும் கிடைக்காமல், முடியவில்லை என்றுதானே சொல்லும்? பென்டிரைவைக் கழற்றினேன். எழும்பிவிட்டது. ரீச்சர் கொப்பியை வாங்கி, சிவத்தப் பேனையால் பதினொரு வரிக்கும் சரி போட்டா. “அது எல்லாத் தரமும் சரியான விடைதான் எழுதியிருக்குது தம்பி. நான்தான் பிழையான பேப்பரைக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறன்.”

சுபவேளையில் அமத்தின பொத்தான்

புதன்கிழமை காலை சோதிடர் ஐயா வந்தார். எங்கள் பகுதியில் பொருத்தம் பார்க்க எல்லாரும் போகிற ஆள். சாதகம் கணிக்கிறதெல்லாம் இப்போது கொம்பியூட்டரில்தான். அவருடைய லப்டொப்பும் இப்படித்தான் வட்டம் சுற்றி நின்றிருக்கிறது. அவர் என்னிடம் வராமல் தானே திருத்த வெளிக்கிட்டார். திரையில் இரண்டு வழி காட்டியிருக்கிறது. ஒன்று, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கு. மற்றது, எனது கோப்புகளை வைத்துக்கொண்டு புதிதாக்கு. ஆள் புத்திசாலி, இரண்டாவதைத் தெரிவுசெய்தார். ராகுகாலம் கழிந்து, நல்ல நேரம் பார்த்து அமத்தினார்.

லப்டொப் சுகமாக எழும்பியது. பேரப்பிள்ளைகளின் படம் எல்லாம் இருந்தது. கோயில் மலருக்கு எழுதின கட்டுரையும் இருந்தது. சாதகம் பார்க்கிற புரோகிராம் இல்லை. அதற்குள் இருந்த ஆட்களின் சாதகம் ஒன்றும் இல்லை. “என்ரை கோப்பை வைச்சிரு எண்டுதானே தம்பி சொன்னனான்” என்றார். எனக்கு ஏறிவிட்டது. “ஐயா, உங்கடை கோப்பு எண்டு அது நினைக்கிறது வேறை. படம், பாட்டு, கடிதம், முன்னுக்கு நீங்கள் விரிச்சு வைச்சிருக்கிறது. இதுகளைத்தான் வைச்சிருக்கும். ஒரு புரோகிராம் தன்ரை வயித்துக்கை எழுதி வைச்சிருக்கிறதை அது உங்கடை எண்டு எடுக்காது. புரோகிராமை எறியேக்கை அதையும் சேத்துத்தான் எறியும். அமத்த முதல் ஒருக்கால் வந்து கேட்டிருந்தால் உங்கடை கால் தேஞ்சு போயிருக்குமோ?”

தெருவில் போன ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாவிடம் எல்லாச் சாதகமும் கையெழுத்துக் கொப்பிகளில் இருக்கிறது என்பதால் தலை போகவில்லை. திரும்ப அடிக்க ஆறேழு மாதம் போகும், அவ்வளவுதான். அவர் கோபிக்கவும் இல்லை. சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு எழும்பினார். “நேரம் நல்ல நேரம்தான் தம்பி. அதிலை பிழை இல்லை. பொத்தானுக்குத்தான் கிரகம் சரியில்லை.”

கீபோட்டில் விழுந்த கை

ஐயா போன கையோடு நான் வின்சன் அண்ணையின் லப்டொப்புக்குத் திரும்பினேன். கோபம் ஆறவில்லை. மூன்றாம் நாள் ஆகிவிட்டது. கலியாணப் படம்தானே, படத்தை அது தொடாது, கோப்புகளை வைத்துக்கொண்டு புதிதாக்கினால் பின்னேரத்துக்குள் ஆளை அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பிரெஞ்சுப் பொத்தான் எந்த மூலையில் என்று தெரியும். விரல் வைக்கப் போகிற நேரம் கீபோட்டில் ஒரு கை வந்து விழுந்தது. வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன பெரிய கை. அரைக் கீபோட்டை அது மூடிவிட்டது.

“பொறு” என்றார் வின்சன் அண்ணை. “சாத்திரியாரின்ரை மாதிரித்தான் என்ரையும். படமும் இருக்கு. ஒரு புரோகிராமின்ரை வயித்துக்கை இன்னொரு சாமானும் இருக்கு.” பிறகு, கடை வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். கருவி விழுந்தது, மகன் ஏற்றி வைத்தது, கல்லுகள், எல்லாம். வீட்டில்கூடக் கதைக்க முடியாதாம். மருமகன் நல்ல பெடியன், ஆனால் அவன் போகிறது தன் தமையன்மாரின் வள்ளத்தில். மாமனாரின் கல்லு தெரிந்தால் அடுத்த நாள் அங்கே நாலு வலை விழும்.

நான் கத்தினேன். மூன்று நாளாக வாங்கைத் தேய்த்துக்கொண்டு இருந்த மனுசன், இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், இங்கே எழுத முடியாது. ஆனால் கத்திக்கொண்டே கீபோட்டில் இருந்து என் கையை எடுத்துவிட்டேன். எந்தப் பெட்டி வந்தாலும் உள்ளே இருக்கிறதை முதலில் வெளியே காப்பி எடு, அதற்குப் பிறகு கை வை. எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். அன்றைக்கு நான் பேரம் பேசிப் பேசி அந்தப் பாடத்தையே விட்டுக்கொடுத்திருந்தேன். இன்னும் ஒரு விரல் தூரத்தில் ஒரு மனுசனின் பதினைந்து வருஷத்தை அழித்திருப்பேன். அவர் பொய் சொன்னார், சரி. படத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லையே. இதை அவரிடம் நான் சொல்லவில்லை, கத்தினேன். வின்சன் அண்ணை முழுவதையும் கேட்டு முடித்தார். “பேசுறதெண்டால் பேசு. ‘கல்லு’ எண்ட சொல்லை மட்டும் மெல்லமாச் சொல்லு. உரக்கடைக்காரருக்குக் கேக்கும்.”

துவாய் போட்ட திரை

லப்டொப்பைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்து, என்னுடைய கொம்பியூட்டரில் வயரால் கொழுவினேன். உடனே நோய் விளங்கியது. டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருந்தது. டிக், டிக் என்று ஒரு சத்தம். ஸ்ராட்டப் ரிப்பேர் இதைத் திருத்தாது. திருத்துகிற பெயரில் டிஸ்க்கை முழுக்கப் புரட்டிப் புரட்டிப் பார்த்து இன்னும் களைக்கப்பண்ணும். உக்கின பலகையைக் கொட்டன் தடியால் தட்டிப் பார்க்கிற வேலை. வீட்டில் எத்தனை தரம் ஓடவிட்டது என்று கேட்டேன். “பின்னேரத்திலை சும்மாதானே இருக்குது எண்டு விட்டனான்” என்றார். அதற்கும் கத்தினேன்.

திரையில் கோப்புகள் வரத் தொடங்கினதும், வின்சன் அண்ணை தோளில் கிடந்த துவாயை எடுத்துத் திரைக்கு மேல் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு காப்பி எடுக்க நான் என்ன மந்திரவாதியோ? திரும்பவும் பேரம் தொடங்கியது. கோப்பின் பெயரைப் பார்க்கலாம், திறக்கக்கூடாது. என்னுடைய கொம்பியூட்டரில் ஒன்றும் தங்கக்கூடாது, நேரே அவருடைய புதுப் பென்டிரைவுக்குப் போகவேண்டும். துவாயின் இடப்பக்க மூலையை நாலு விரல் அகலம் தூக்கலாம். நான் ஆறு விரல் கேட்டேன், ஐந்தில் முடிந்தது. அந்த ஐந்து விரல் சந்தில், குனிந்து நின்று, புரோகிராமின் வயிற்றுக்குள் இருந்த கோப்பைக் கண்டுபிடித்தேன். காப்பி ஓடத் தொடங்கியது. பாதியில் பச்சைக் கோடு நின்றது. டிக், டிக். இரண்டாம் தரமும் அதே இடத்தில் நின்றது. வின்சன் அண்ணை கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். நான் டிஸ்க்கைக் கழற்றி ஆறவிட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கொழுவினேன். மூன்றாம் தரம் அதே இடத்தில் நின்றது, நின்றது, பிறகு நகர்ந்து முடிந்தது.

கோப்பு சுகமாக வந்திருக்கிறதா என்று யாராவது திறந்து பார்க்கத்தானே வேண்டும்? நான் கூடாது. அவருக்கு இங்கிலிஷ் எழுத்துப் பிடிபடாது, கருவியில் பெயர்களை அடித்துக் கொடுத்ததும் மகன்தானாம். மருமகனுக்கு மூச்சுவிடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மகள் டிலானியைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் மருந்துக் கடையில் வேலை செய்கிற பிள்ளை, அரைநாள் லீவு போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தா. என்னைச் சுவரைப் பார்க்க நிற்கச் சொன்னார்கள். சொந்தக் கடையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் அவ ஒவ்வொரு கல்லின் பெயராக அப்பாவின் காதுக்குள் வாசிப்பது முணுமுணுப்பாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு நின்றுவிட்டது. பிறகு சத்தமாகவே கேட்டா: “அப்பா, இதென்ன, ஒரு கல்லுக்கு என்ரை பேர் போட்டிருக்கு?” வின்சன் அண்ணையின் குரல் வந்தது: “அதுதான் எப்பவும் வலையைக் கிழிக்கிற கல்லு. மீனும் அங்கைதான் கூட.”

வலை நூல் முடிச்சு

லப்டொப்புக்குப் புது டிஸ்க் போட்டு, இங்கிலிஷில் எல்லாம் ஏற்றி, கலியாணப் படங்களையும் திருப்பி வைத்துக் கொடுத்தேன். என் கொம்பியூட்டரில் ஒன்றும் இல்லை என்று டிலானி இரண்டு தரம் தேடிப் பார்த்த பிறகுதான் பெட்டியைக் கட்டினார்கள். போகும்போது அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொன்னேன், ஒரு காப்பி போதாது, இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், இரண்டாவது வேறு வீட்டில் இருந்தால் நல்லது என்று. வின்சன் அண்ணை கேட்காத மாதிரி மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணினார்.

ஒரு மாதம் கழித்து, காற்று விழுந்து கடல் அமைதியான நாட்களில், அதே றெஜிபோம் பெட்டி வந்தது. இந்தத் தரம் சிவமண்ணை கேட்க முன்னமே வின்சன் அண்ணை மூடியைத் திறந்து காட்டினார். ஐசுக்கு நடுவில் கைநீளத்தில் ஒரு விளைமீன். எந்தக் கல்லில் பிடித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் உன்னினதுதான். மீனை, எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்த என் மனுசியிடம் கொடுத்துவிட்டு, சேட் பொக்கற்றில் இருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தார். பென்டிரைவ். பொலித்தீன் சுற்றி, வலை நூலால் நெடுக்கும் குறுக்கும் கட்டி, நடுவில் ஒரு முடிச்சு. அப்படி ஒரு முடிச்சை நான் கண்டதில்லை. நூலின் தலைப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடினேன், பிடிபடவில்லை.

“இது உன்ரை மேசை லாச்சிக்கை பூட்டிக் கிடக்கட்டும்” என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திரைக்குத் துவாய் போட்ட மனுசன். அதைக் காட்டிக்கொள்ளாமல், லாச்சி வாடகை என்ன தருவீர்கள் என்று பேரம் பேசத் தொடங்கினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. “உனக்கு நீந்தத் தெரியுமோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். கடலில் எவ்வளவு தூரம் போயிருக்கிறாய் என்றார். கீரிமலையில் முழங்கால் அளவு என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பொட்டலத்தை என் கையில் வைத்து, விரல்களை அவரே மூடிவிட்டார். “வீட்டிலை வைச்சால் மருமகன். கோயிலிலை குடுத்து வைப்பம் எண்டால் பாதரின்ரை தம்பியும் தொழிலுக்குப் போறவன். நீ முடிச்சை அவிட்டு முழுக்க வாசிச்சாலும் எனக்குப் பயமில்லை, தம்பி.”

ஆக, கண்ட முடிவு இதுதான்: ஸ்ராட்டப் ரிப்பேர் வாசலை மட்டும்தான் பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆளைத்தான் கேட்க வேண்டும், கேட்டாலும் மூன்றாம் நாள்தான் சொல்லுவார்கள்.